இந்த மீன் யாருக்கும் ஈடு இல்லை

மூன்றாவது தங்கமீனும் செத்து மிதந்த காலையில், மாளவிகாவைத் தவிர அந்த வீட்டில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது.

"போச்சு, இன்னொரு கண்டமும் கழிஞ்சது," என்றாள் ஆஷா. மாளவிகாவின் கணவன் வெங்கிடேஷுக்கு அக்கா அவள். மலையாள தேசத்துக் கரமனையில் அதே தெருவின் மறுகோடியில்தான் அவளுக்கு வீடு. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த நாளிலிருந்து பாதிப் பொழுது இங்கேதான் இருந்தாள். செத்த மீனை ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு, மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்கப்பாவுக்கு வர இருந்ததை நீ வாங்கிண்டு போறே. நன்னாயிரு," என்று அதனிடமே சொன்னாள். செத்துப்போன ஒன்றை நன்றாயிரு என்று வாழ்த்துகிறோமே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அப்பா என்பது ராமசுப்ரமணியன். ஏஜீஸ் ஆபீஸில் அரசுக் கணக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயத்துக்குப் போகும் குழாய்களில் அடைப்பு என்று ஆஞ்சியோகிராமில் தெரிந்திருந்தது. ஓணம் கழிந்ததும் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தப் பயத்தில்தான் ஆஷா வாஸ்து பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தாள். அவர் கூடத்தின் வடகிழக்கு மூலையில் கண்ணாடித் தொட்டி வைக்கச் சொன்னார். தங்க நிறத்தில் சில மீன்கள், கறுப்பில் ஒன்று. "செத்தா வருத்தப்படாதீங்க. வீட்டு மனுஷாளுக்கு வர்றதை மீன் எடுத்துக்கும். பெரிய கண்டத்தைக் கறுப்பு எடுத்துக்கும். செத்ததும் வேற வாங்கி விட்ருங்க," என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை மாளவிகாவுக்கு வந்தது. அவள் பிறந்த நங்கநல்லூர் வீட்டில் அவள் தம்பி மீன் வளர்த்திருக்கிறான். அதனால் அவளுக்குத் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கறுப்பு மீனுக்குக் கண்கள் முட்டை முட்டையாகப் பிதுங்கியிருந்தன. அவ்வளவு பெரிய கண் இருந்தும் அதற்குப் பார்வை மட்டு. மற்ற மீன்கள் தீனியைப் பாய்ந்து தின்றுவிடும். இது எதிலோ முட்டிக்கொண்டு நிற்கும். மாளவிகா மற்றவை தின்று முடிக்கும்வரை காத்திருந்து, இதன் வாய்க்கு நேரே தனியாக ஒரு சிட்டிகை போடுவாள். காலையில் விளக்கேற்றிவிட்டு அவள் செய்யும் அடுத்த வேலை அதுதான். அவளைக் கேட்டால் இரண்டும் ஒரே வேலை என்றுதான் சொல்வாள்.

ஒன்றிலும் அவள் குறை வைக்கவில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது என்று சமையலறை ஆர்.ஓ. வடிகட்டியிலிருந்து வாளி வாளியாகப் பிடித்து ஊற்றினாள். தெருமுனை மரத்தடியில் பழுத்து விழுந்த பாதாம் இலைகளைப் பொறுக்கி, கழுவி, உலர்த்தித் தொட்டியில் போட்டாள். நங்கநல்லூரில் தம்பி செய்தது அதுதான். அவள் பார்க்கும் தமிழ் வீடியோக்களிலும் அதையேதான் சொன்னார்கள்: தண்ணீரின் கடினத்தைக் குறையுங்கள், பி.எச்.சை இறக்குங்கள். அவளும் குறைத்தாள், இறக்கினாள். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன.

"ஏன் செத்ததுன்னு யோசிக்கணும் அக்கா," என்றாள் மாளவிகா.

"அதான் சொன்னேனே."

"எதுக்காகச் செத்ததுன்னு சொன்னேள். எதனால செத்ததுன்னு சொல்லலையே."

"கேட்டியோ வெங்கி, உன் பெண்டாட்டி மீனுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்ணணுங்கறா," என்று சிரித்துக்கொண்டே ஆஷா காகிதப் பொட்டலத்தோடு கொல்லைப்பக்கம் போனாள்.

அன்று சாயங்காலம் மாளவிகா கிள்ளிப்பாலத்தில் இருந்த ஹரிகுமாரின் மீன்கடைக்குப் போனாள். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்ததுமே அவன் வலையைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"வரணும் சேச்சி. கோல்டன் ஒண்ணு போயி, அல்லே? ரெண்டு எடுக்கட்டே? கறுப்பன் ஜீவனோடு உண்டோ?"

"உண்டு. மீன் வேண்டாம் ஹரி. தண்ணி டெஸ்ட் பண்ற சொட்டு மருந்து வேணும்."

மீன் வாங்காமல் மருந்து மட்டும் கேட்கிற ஆளை அவன் அதிகம் பார்த்ததில்லை. மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியைக் கொடுத்தான். அதில் இரண்டு குப்பிகள். ஒன்று தண்ணீர் புளித்திருக்கிறதா என்று நிறத்தில் காட்டும். இன்னொன்று, தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்புச் சத்து புளிப்பை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும். அதைச் சிறு குழலில் எடுத்த தண்ணீருக்குள் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முதலில் நீலமாகும், பிறகு ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளாகும். எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அவ்வளவு தாங்கும் சக்தி.

வீட்டில் தொட்டித் தண்ணீரை எடுத்து முதல் சொட்டு விட்டாள். நீலமே வரவில்லை. எடுத்த எடுப்பிலேயே மஞ்சள். மற்றக் குப்பியைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் அட்டையின் அடிக்கோடியில் இருக்கிற வெளிறிய மஞ்சளைக் காட்டியது. மருந்து பழசாகிக் கெட்டிருக்கும் என்று நினைத்து மறுநாள் பெட்டியோடு கடைக்குப் போய் நின்றாள்.

"ஹரி, இது கெட்டுப்போனது. முதல் சொட்டுலயே மஞ்சளாயிடறது."

ஹரிகுமாருக்குச் சற்றே ரோஷம் வந்தது. "எந்தா சேச்சி, இவிட மோசம் சாதனம் விக்கில்ல. நோக்கு," என்று தன் கடைத் தொட்டி ஒன்றிலிருந்து தண்ணீர் எடுத்து அவள் கண்ணெதிரே சொட்டு விட்டான். நீலம். இன்னொரு சொட்டு, நீலம். மூன்றாவதிலும் நான்காவதிலும் நீலம். ஐந்தாவதில் மஞ்சளாயிற்று. "மருந்துக்கு ஒரு கொழப்பமும் இல்ல."

"நீ தண்ணியில என்ன போடறே?"

"ஞான் ஒண்ணும் இடுன்னில்ல. பைப்பு வெள்ளம், பிடிச்சு வெச்சு, பிறகு ஊத்தறது. அத்ரதான்."

இருவரும் குனிந்து தொட்டிக்குள் பார்த்தார்கள். அடியில் மணலுக்கு நடுவே சிப்பிகள் கிடந்தன. சங்குமுகம் கடற்கரையில் அவன் பிள்ளைகள் பொறுக்கியவை. "அதோ? அது அழகுக்கு இட்டதாணு," என்றான். சொல்லும்போதே அவன் குரல் மெதுவாயிற்று. கடைக்குழாயைத் திறந்து வெறும் தண்ணீரைச் சோதித்தான். இரண்டாவது சொட்டில் மஞ்சள். மறுபடி தொட்டித் தண்ணீர். ஐந்தில் மஞ்சள்.

"ஷெல்லாணு அப்போ," என்றான் ஆச்சரியத்தோடு. "இத்ர நாளும் எனக்கும் அறியில்ல. சேச்சி எந்து வெள்ளமா ஊத்தறது?"

"ஆர்.ஓ. தண்ணி."

"இந்த வெள்ளத்தையா வடிகட்டறது? இதுல எடுக்கறதுக்கு எந்து இருக்கு?" என்று அவன் சிரிக்கத் தொடங்கினான், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

திரும்பி நடந்து வரும்போது மாளவிகாவுக்கு எல்லாம் விளங்கியது. நங்கநல்லூர் வீட்டு வாளியில் வெள்ளை வெள்ளையாகக் கறை ஏறியிருக்கும்; குழாயின் வாயில் உப்புப் பூத்திருக்கும்; சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அந்தத் தண்ணீருக்குச் சொன்ன வைத்தியத்தை இந்தத் தண்ணீருக்குச் செய்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் குளித்து முடித்தும் உடம்பில் சோப்பு வழுவழுவென்று போகாமல் நின்றதே, அப்போதே தெரிந்திருக்கவேண்டும். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு வெள்ளைக் கறை அவள் பார்த்ததில்லை. அங்கே இருந்ததைக் குறைக்கவேண்டியிருந்தது. இங்கே இல்லாததைக் கொடுக்கவேண்டியிருந்தது. மீனின் கழிவால் தண்ணீர் நாளுக்கு நாள் புளிக்கும். அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்ள இருந்த துளிச் சத்தையும் அவள் வடிகட்டி எடுத்துவிட்டு, மேலே இலையையும் போட்டிருக்கிறாள். தாய்வீட்டில் கற்றதென்ற ஒரே நம்பிக்கையில், இரண்டு ஊருக்கும் தண்ணீர் ஒன்றா என்று ஒருநாள்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்கு வந்து நின்றாள்.

"மூணு மீனையும் நான்தான் கொன்னேன்."

வெங்கிடேஷ் டம்ளரைக் கீழே வைத்தான். ஆர்.ஓ. தண்ணீர், பாதாம் இலை, ஹரிகுமாரின் சிப்பி என்று எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தாள்.

"பைத்தியம் மாதிரிப் பேசாதே," என்றாள் ஆஷா. "நீ கொல்லலை. அதுகளா வாங்கிண்டதாக்கும்."

"விடேன் மாளு," என்றான் வெங்கிடேஷ். "உன்னை இங்க யாரும் தப்புச் சொல்லலையே."

"யாரும் சொல்லலை. அதனாலதான் நானே சொல்றேன். மூணு ஜீவன் மூச்சுத் திணறிச் செத்திருக்கு. கண்டம் கழிஞ்சதுன்னு சொல்லிண்டு நாம காபி குடிக்கறோம். இப்படியே சொல்லிண்டிருந்தா நாளைக்கும் நான் அதே தண்ணியைத்தான் ஊத்துவேன். இனிமே இந்த வீட்ல என் கையால ஒரு மீன் சாகாது. அந்தக் கறுப்பு ஒண்ணுதான் மிச்சம் பிழைச்சுக் கிடக்கறது. அதை நான் விடப்போறதில்லை."

ஆஷாவின் முகம் மாறியது. சிரிப்பும் கேலியும் போய், உள்ளே இருந்த பயம் அப்படியே வெளியே வந்தது.

"அப்போ அப்பாவுக்கு வர்றது எங்கடி போகும்?"

அவள் தொட்டிப் பக்கம் கையை நீட்டினாள்.

"ஆபரேஷனுக்கு முந்தி அந்தக் கறுப்பு போயிடணும்னு நான் தினம் வேண்டிண்டிருக்கேன். தெரியுமோ உனக்கு? அம்மா போறச்சே என்னால ஒண்ணும் பண்ண முடியலை. இப்ப இந்த ஒண்ணாவது பண்ணலாம்னு பார்த்தா, நீ அதுக்கு மருந்து கொடுத்துக் காப்பாத்தறேங்கறே."

சாய்வுநாற்காலியிலிருந்து ராமசுப்ரமணியன் செருமினார். "எனக்கு ஈடு ஒரு மீனா? அதுவும் கண்ணு தெரியாத மீனா? இத்தனை வருஷம் கவர்ன்மெண்டுக்கு உழைச்சிருக்கேன், ஒரு எருமையாவது சொல்லப்படாதா ஆஷா?"

"அப்பா, சும்மா இருங்கோ!" என்று சொல்லிவிட்டு ஆஷா அழுதாள்.

மாளவிகா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரல் தணிந்தது, சொன்னதில் தணிவு இல்லை. "அப்பாவுக்காக நானும் தினம் வேண்டிக்கறேன் அக்கா. ஆனா இதைக் கொடுக்கறேன், அதைக் கொடுன்னு நான் கேக்க மாட்டேன். சுவாமி கடை வெச்சிருக்கலை. அவருக்கு அப்பாவும் வேணும், அந்த மீனும் வேணும். ரெண்டையும் படைச்சது அவர்தானே."

ஆஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மாளவிகா ஹரிகுமாரிடமிருந்து சிப்பிகள் வாங்கிவந்து, வெந்நீரில் கொதிக்கவைத்து, நொறுக்கி, வலைத்துணியில் முடிந்துகொண்டிருந்தபோது ஆஷா வந்தாள். கோபமாயிருந்தாலும் வராமல் அவளால் இருக்கமுடியாது.

"இதென்ன அனாசாரம்? அடுக்களையில கக்காச் சிப்பி ஓடா? மீன் திங்கறவா ஆத்துல மாதிரி?"

"பூஜை அறையில சங்கு இருக்கே அக்கா, அது எந்தக் கொடியில காய்ச்சது?"

ஆஷா பூஜை அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீ வெத்தலையில தடவிக்கற சுண்ணாம்பும் கக்காவை நீத்தினதுதான்," என்றார் ராமசுப்ரமணியன் கூடத்திலிருந்து. "நான் சும்மாத்தான் இருக்கேன், கேட்டியோ."

சிப்பி முடிச்சைத் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் மோட்டாரின் வாயில் தொங்கவிட்டாள். பாதாம் இலைகளை எடுத்தாயிற்று. ஆனால் அவசரப்படக்கூடாது என்பதையும் அவள் இப்போது படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். புளித்த தண்ணீரில் கழிவின் நஞ்சு ஒடுங்கிக் கிடக்கும். ஒரே நாளில் தண்ணீரை மாற்றிவிட்டால் அது சட்டென்று விழித்துக்கொண்டு மீனையே கொன்றுவிடும். நல்லதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கவேண்டும். தினமும் தொட்டியிலிருந்து சில கிண்ணம் அளவு மட்டும் இறைத்துவிட்டு, கொல்லையில் வாளியில் பிடித்து, சிப்பி போட்டு ஒரு நாள் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினாள். குழாயில் வரும்போது இருக்கும் குளோரின் அதற்குள் பறந்துவிடும். போதாததற்கு அதை முறிக்கும் சொட்டு மருந்து ஒன்றும் வாங்கி வைத்தாள்.

காலையில் விளக்கேற்றிய கையோடு குழலில் தண்ணீர் எடுப்பாள். மாமனார் கிரிக்கெட் கேட்பது போலக் கேட்பார்: "இன்னிக்கு ஸ்கோர் என்ன?"

"இன்னும் ஒண்ணுதான் அப்பா."

பிறகு ஒரு நாள் இரண்டு. அப்புறம் நெடுநாள் இரண்டிலேயே நின்றது. ஓணத்துக்குப் பூக்களம் போட்ட அன்று மூன்று. அன்றுதான் கறுப்பு மீன், உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்த துடுப்புகளை முதல்முறையாக விரித்தது. கறுப்புப் பட்டுத்துணியை உதறியது போல வால் அகன்று நின்றது. ராமசுப்ரமணியன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பற்றி அவர் யாரிடமும் பேசுவதில்லை. அந்த மீனிடம் பேசியிருக்கலாம்.

ஆஷா தினமும் வாசலில் நுழையும்போதே கேட்பாள்: "இன்னும் இருக்கா?"

"இருக்கு அக்கா. நன்னா இருக்கு."

வாஸ்துக்காரரைப் போனில் கேட்டு ஒரு யோசனையும் கொண்டு வந்தாள். கறுப்பைக் கோவில் குளத்தில் விட்டுவிட்டு வேறொன்று வாங்கலாம். அதில் பாவம் இல்லை.

"குளத்துத் தண்ணியை இது தாங்காது அக்கா. நம்ம கண்ணுக்குத் தெரியாம சாகட்டும்கறேளா?"

"உனக்கு எங்கப்பாவைவிட அது ஒசத்தி."

அந்த வார்த்தை மாளவிகாவைக் குத்தியது. தெருவில் இரண்டொருவர் காதிலும் அது போட்டு வைக்கப்பட்டிருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால் தன் பக்கம் எத்தனை விரல்கள் நீளும் என்றும் தெரியும். வெங்கிடேஷ்கூட ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்ததும், "அக்கா மனசு சமாதானத்துக்காவது..." என்று ஆரம்பித்தான்.

"அக்கா சமாதானத்துக்கு நான் தினம் அவா ஆத்துக்குப் போய்ச் சமைச்சுப் போடறேன். காலைப் பிடிச்சு விடறேன். ஒரு உயிரைக் கொடுக்க மாட்டேன். பழி வந்தா என் தலையில வரட்டும்," என்றாள்.

ஆபரேஷனுக்கு முதல்நாளே ராமசுப்ரமணியனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் விடியற்காலை வெங்கிடேஷும் மாளவிகாவும் கிளம்பினார்கள். ஆஷா வரவில்லை. ஆஸ்பத்திரி வாசனையே அவளுக்கு ஆகாது. தவிர, ஆபரேஷன் முடியும்வரை வீட்டில் விளக்கு அணையாமல் யாராவது பார்த்துக்கொள்ளவேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். விளக்கையும் வீட்டையும் மீனையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு மாளவிகா ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது, மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் நம்பிக்கை இல்லாதது போல் இருக்கும். சொல்லவில்லை.

ராமசுப்ரமணியனை உள்ளே கொண்டுபோய் வெகுநேரம் ஆகியிருந்தது. நடைபாதை நாற்காலியில் வெங்கிடேஷ் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாளவிகாவின் போன் அடித்தது. ஆஷா.

"சேதி ஏதாவது...?"

"இன்னும் இல்லை அக்கா."

மறுமுனையில் மூச்சு வாங்கும் சத்தம். "மாளவிகா, அது மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடறதுடி. சாய்ஞ்சு சாய்ஞ்சு போறது."

மாளவிகா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "என்ன ஆச்சு? மோட்டார் நின்னுடுத்தா?"

"ஓடறது." பிறகு குரல் உடைந்தது. "நான்தாண்டி ஊத்தினேன். பாதி ஜலத்தை இறைச்சுட்டு, குழாயிலேர்ந்து நேரா, குடம் குடமா ஊத்தினேன். கூடாதுன்னு நீ சொன்னது தெரியும். தெரிஞ்சுதான் ஊத்தினேன். அப்பாவை உள்ள கொண்டுபோயிருப்பான்னு நினைச்சேன், கை தானா ஊத்தித்து."

மாளவிகாவுக்கு உடம்பெல்லாம் கோபம் ஏறியது. சொல்வதற்கு எத்தனையோ வந்தது. எல்லாம் நியாயமான வார்த்தைகள். ஆனால் செய்து முடித்தவள், கண்டம் கழிந்தது என்று சும்மா உட்கார்ந்திருக்கவில்லையே, போன் செய்திருக்கிறாளே என்று உடனே தோன்றியது. தண்ணீர் ஊற்றிய அதே கைதானே இந்த எண்ணையும் அழுத்தியிருக்கிறது.

"சரி அக்கா. அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். போனை ஸ்பீக்கர்ல போடுங்கோ. கொல்லையில வாளியில நேத்திக்குப் பிடிச்ச தண்ணி இருக்கு, சிப்பி போட்டது. அதைக் கூடத்துக்குக் கொண்டு வாங்கோ."

போனைக் கீழே வைக்கும் சத்தம், ஓட்டம், வாளியின் பிடி கிணுங்கும் சத்தம். "கொண்டுவந்துட்டேன்."

"தொட்டிப் பக்கத்துல நீல மூடி போட்ட குப்பி, குளோரினை முறிக்கற மருந்து. அதை முதல்ல தொட்டித் தண்ணியில நாலஞ்சு சொட்டு விடுங்கோ. விட்டேளா? இப்ப மீனை மொண்டு வாளிக்கு மாத்தணும்."

"பூஜை செம்பு கையில இருக்கு, அதாலயே..."

"ஐயோ, செம்பு வேண்டாம்! தாமிரம் அதுக்கு விஷம். ஸ்டீல் கிண்ணம் எடுங்கோ."

மறுபடி ஓட்டம். பாத்திரங்கள் உருண்டன.

"எடுத்துட்டேன். மாளவிகா..." ஆஷா நிறுத்தினாள். "நான் இதைக் காப்பாத்தினா, அங்க அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா?"

மாளவிகா மூடியிருந்த கதவைப் பார்த்தாள். அதன் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு பேரம்தான் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியாது அக்கா. அப்பா டாக்டர் கையில இருக்கார், பத்மநாப சுவாமி கையில இருக்கார். உங்க கையில இப்ப இருக்கறது அந்தக் கிண்ணம் மட்டும்தான்."

கிண்ணம் தொட்டிக் கண்ணாடியில் இடித்தது. பிறகு தண்ணீர் சளக்கென்றது.

"துள்ளறதுடி! அம்மா! வழுக்கறது, கையில பட்டுடுத்து..."

"துள்ளட்டும். துள்ளறதுன்னா உயிர் இருக்கு. இன்னொரு கையால மேல மூடிக்கோங்கோ."

"மூடிட்டேன். ஆ... விட்டுட்டேன். வாளியில விட்டுட்டேன்."

"காத்துக் குழாயை எடுத்து வாளியில போடுங்கோ. போட்டுட்டுப் பக்கத்துல உக்காருங்கோ. வேற ஒண்ணும் பண்ணவேண்டாம்."

"பிழைச்சுடுமா?"

"தெரியாது அக்கா. நீங்க பண்ண வேண்டியதைப் பண்ணிட்டேள்."

ஆஷா போனை வைத்துவிட்டாள். மாளவிகா திரும்பிவந்து உட்கார்ந்ததும், "யாரு, அக்காவா? எப்படி இருக்கா?" என்று வெங்கிடேஷ் கேட்டான்.

"தைரியமா இருக்கா," என்றாள் மாளவிகா. அவன் நம்பாமல் பார்த்தான். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, என்றைக்கும் சொல்லப்போவதில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகமூடியை இறக்கும் முன்பே வெங்கிடேஷ் எழுந்து நின்றுவிட்டான். நல்லபடியாக முடிந்தது, இரண்டு நாள் கவனமாகப் பார்க்கவேண்டும், ஆனால் நல்லபடியாக முடிந்தது என்று அவர் மலையாளத்தில் சொன்னார். வெங்கிடேஷ் சுவரில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். மாளவிகா அவன் முதுகைத் தடவிக்கொண்டே மறுகையால் ஆஷாவைக் கூப்பிட்டாள். நெடுநேரம் அடித்தபிறகுதான் அவள் எடுத்தாள்.

"முடிஞ்சது அக்கா. நல்லபடியா முடிஞ்சதுன்னு சொல்லிட்டார். அப்பா நன்னா இருக்கார்."

மறுமுனையில் அழுகை கேட்டது. மாளவிகா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். மீனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆஷாவே சொன்னாள். "நான் முன்னாடியே எடுத்து விட்டுட்டேன், கேட்டியோ. நீ சேதி சொல்றதுக்கு முன்னாடியே. அப்பா எப்படி இருக்கார்னு தெரியாமயே எடுத்து விட்டேன்."

"தெரியும் அக்கா."

"பயமா இருந்தது. ஆனாலும் விட்டேன்."

"அதுவும் தெரியும்."

"இருக்குடி. நேரா நீந்தறது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, நீ போய் அப்பாவைப் பாரு. எனக்கு இப்ப பேச முடியாது. ஒரு கையை வாளிக்குள்ள வெச்சிண்டிருக்கேன், அது விரல்கிட்ட வந்து நிக்கறது. அசைஞ்சா பயந்துடும்."